எல்பே கரையில் நான்கு நாள்: அம்மாவும் எழுநூறு படிகளும்

புதன், மே 17, 2023. பிர்னா

நாளைக்கு ஒரு கடையும் திறக்காது. அதனால் லைப்ஸிக்கில் ரயில் ஏறுவதற்கு முன்பே ரொட்டி, தயிர், தக்காளி, வாழைப்பழம் எல்லாம் வாங்கிப் பைகளில் அடைத்துக்கொண்டோம். அரிசியும் புளிக்காய்ச்சலும் வீட்டிலிருந்தே வந்துவிட்டன. ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஒரு விடுமுறைக்கு முந்தின நாள் பால் வாங்க மறந்து, மறுநாள் முழுக்கக் குழந்தையோடு திண்டாடியிருக்கிறேன். அன்றிலிருந்து காலண்டரைப் பார்க்காமல் வாரத்தைத் தொடங்குவதில்லை.

நாளை கிறிஸ்து விண்ணேற்ற நாள். ஈஸ்டர் ஞாயிற்றையும் சேர்த்து எண்ணினால் நாற்பதாம் நாள். எப்போதும் வியாழக்கிழமைதான் வரும். வெள்ளிக்கு மட்டும் விடுப்பு எடுத்தால் சனி, ஞாயிறோடு சேர்ந்து நான்கு நாளாகிவிடும். இரண்டு விடுமுறைகளைப் பாலம் போல இணைக்கும் அந்த வெள்ளிக்கு இங்கே ‘ப்ரூக்கன்டாக்’ என்று பெயர். பாலத்து நாள். எங்கள் அலுவலகத்தில் ஜனவரியிலேயே எல்லோரும் இந்த வெள்ளியைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள்.

அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. 68 வயது. அப்பாவையும் அம்மாவையும் ஒன்றாக அழைத்து வரவேண்டும் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டேன். அப்பா போய் ஒன்றரை வருடமாகிறது. அம்மா மட்டும் வந்தாள். இந்த ஆறு வாரத்தில் எங்கள் வீடு, பூங்கா, காய்கறிக் கடை தவிர அவள் அதிகம் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து 49 யூரோ டிக்கெட் வந்திருக்கிறது. மாதம் முழுக்க நாட்டின் எந்த ஊர் வட்டார ரயிலிலும் பேருந்திலும் டிராமிலும் ஏறலாம். எனக்கும் கணவருக்கும் அது இருக்கிறது. அம்மாவுக்கும் மகளுக்கும் தனியாகச் சீட்டு வாங்கினோம், சின்னவனுக்கு ஐந்து வயதுதான் என்பதால் இலவசம். டிரெஸ்டன் வரை ஒன்றரை மணி நேரம், பிறகு எஸ்-பான் ரயிலில் அரை மணிக்கும் குறைவு.

பிர்னா சின்ன, அழகான ஊர். சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு மேல்தான் வெளியே போனோம், அப்போதும் நல்ல வெளிச்சம். எல்பே ஆற்றங்கரையில் சில வீட்டுச் சுவர்களில் வெள்ளம் வந்த உயரத்தைக் கோடு போட்டு ஆண்டையும் எழுதி வைத்திருக்கிறார்கள். 2002 கோடு அம்மாவின் தலைக்கு மேலே இருந்தது. அம்மா கையை உயர்த்தி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இவ்வளவு தண்ணி வந்துச்சா?” என்று ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது.

நடைபாதையில் கையால் வரைந்த சின்னச் சின்ன வண்ணச் சிலுவைகள் வரிசையாகப் போயின. சின்னவன் ஒவ்வொன்றாகத் தாண்டிக் குதித்துக்கொண்டே போனான். அது என்னவென்று மகள் கேட்டபோது நின்று சொன்னேன். மேலே தெரியும் ஸொன்னன்ஷ்டைன் கோட்டையில் 1940, 41-இல் நாஜிகள் 13,720 மனநோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் நச்சுவாயு செலுத்திக் கொன்றார்கள். வதைமுகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களும் அங்கேயே கொல்லப்பட்டார்கள். ஆளுக்கு ஒரு சிலுவையாக ஆற்றங்கரையிலிருந்து கோட்டை வரை வரைந்திருக்கிறார்கள். பதினொரு வயதுக்காரிக்கு எவ்வளவு சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் பொய் சொல்லக் கூடாது என்று பட்டது. அவள் தம்பியின் கையைப் பிடித்து ஓரமாக நடக்கவைத்தாள்.

தூங்கப் போகும் முன் கணவர், “அத்தை, நாளைக்கு மலை ஏறணும். கைத்தடி ஒண்ணு கொண்டு வந்திருக்கலாம்” என்றார். அம்மா உடனே, “வேணாம் மாப்பிள்ளை. அவரோட தடியே வீட்ல கதவோரம் சும்மா நிக்குது. எனக்கு வேற ஒண்ணு எதுக்கு?” என்றாள். யாரும் மேற்கொண்டு பேசவில்லை.

வியாழன், மே 18. ராட்டன், பாஸ்டை

காலை ஏழு மணிக்கே சமையலறையில் புளியோதரை வாசம். வெளியே ஒன்பது, பத்து டிகிரிதான். அம்மா புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் என் மழைக்கோட்டு, காலில் என் மகளின் விளையாட்டுக் காலணி. இருவருக்கும் ஒரே அளவு.

ரயில் நிலையத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்து அம்மா திகைத்துவிட்டாள். இன்றைக்கு இங்கே தந்தையர் தினமும்கூட. கிழக்கு ஜெர்மனியில் ‘ஆண்கள் தினம்’ என்றே சொல்வார்கள். நண்பர்கள் கூட்டமாகச் சேர்ந்து, நான்கு சக்கரக் கைவண்டியில் பீர் பெட்டியும் பாட்டுப் பெட்டியும் ஏற்றி, வண்டியில் பச்சைக் கிளைகளைச் செருகிக்கொண்டு நாள் முழுக்க நடப்பார்கள். அப்படி மூன்று வண்டிகள் எங்கள் பெட்டியிலேயே ஏறின. அவர்களோடு பாட்டிகள், கைக்குழந்தையை முதுகில் கட்டிய தாய்மார்கள், நாய்கள், கயிற்றுச் சுருள்களோடு மலையேறுபவர்கள். ஒரு பெரிய மீசைக்காரர் வண்டியை மடித்து ஓரமாக்கிவிட்டு, எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார்.

“எல்லாரும் எந்தக் கோயிலுக்குப் போறாங்க?” என்று அம்மா கேட்டாள்.

“கோயிலுக்கு இல்லம்மா. நடக்கப் போறாங்க.”

“நடந்து எங்க போறாங்க?”

“சும்மா நடக்கத்தாம்மா.”

அம்மா ஜன்னலுக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. எனக்கும் முதல் இரண்டு மூன்று வருடம் புரியாத விஷயம்தான். ‘வாண்டர்ன்’ என்ற சொல்லை எங்கள் ஜெர்மன் வகுப்பில் ‘மலையில் நடப்பது’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்கள். ஆனால் இங்கே விடுமுறை என்றால் அதுதான். கடை மூடியிருக்கும், அலுவலகம் மூடியிருக்கும், பாதை திறந்திருக்கும்.

பிர்னாவிலிருந்து ராட்டனுக்குக் கால் மணி நேரம். இடது ஜன்னலில் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான் வரும். எதிர்க்கரையில் பழைய கல் குவாரிகளின் வெட்டுமுகம் மஞ்சளும் சாம்பலுமாகத் தெரியும். டிரெஸ்டனின் பெரிய கட்டடங்களுக்கு எல்லாம் கல் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான் போனது. படகில் ஏற்றி ஆற்றோடு விட்டார்கள். பெர்லினின் பிராண்டன்பர்க் வாயிலும் இந்த எல்பே மணற்கல்தான்.

ராட்டன் நிலையம் ஆற்றின் ஒரு கரையில், மலை மறுகரையில். நடுவில் பாலம் கிடையாது, ஓடம்தான். அந்த ஓடத்துக்கு எஞ்சினும் கிடையாது. ஆற்றின் மேற்பக்கத்தில் நங்கூரம் பாய்ச்சி, அதிலிருந்து நீளமான கம்பி வடத்தை இழுத்து ஓடத்தில் கட்டியிருக்கிறார்கள். ஓடக்காரர் ஓடத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறார். வருகிற தண்ணீர் அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. வடம் கீழே போகவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. ஓடம் மெல்ல ஊஞ்சல் போல அக்கரைக்குப் போய்ச் சேர்கிறது. சத்தமே இல்லை, பலகையில் தண்ணீர் உரசுவது மட்டும் கேட்கும்.

அம்மா சின்ன வயதில் கொள்ளிடத்தில் தோணி ஏறியவள். ஓரத்தில் நின்று வடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். “நம்ம ஊர்ல ஆத்தோட மல்லுக்கட்டித் துடுப்புப் போடுவாங்க. இவரு ஆத்தையே வேலை வாங்குறாரு” என்றாள். ஓடக்காரரிடம் இன்று இரவு வரை ஓடம் உண்டா என்று கேட்டேன். “நூ” என்றார். இந்த மாநிலமான சாக்ஸனியின் ஜனங்கள் ‘ஆமாம்’ என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். இல்லை என்கிறாரோ என்று அம்மாவின் முகம் ஒரு கணம் வாடிவிட்டது.

அக்கரை ஊருக்குள் வெளியூர்க் கார்களுக்கு இடமில்லை. தேநீர்க் கடைகளைத் தாண்டியதும் படிகள் தொடங்கிவிடுகின்றன. பாஸ்டை என்ற பாறை உச்சி எல்பேக்கு 194 மீட்டர் மேலே. அறிவிப்புப் பலகையில் முக்கால் மணி நேரம் என்று போட்டிருந்தது. நாங்கள் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டோம். மரங்களில் வெள்ளைச் சதுரம், அதன் நடுவில் ஒரு நிறப் பட்டை. எந்த நிறத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பினோமோ அதையே பார்த்துக்கொண்டு போனால் வழி தப்பாது. சின்னவனுக்கு அந்தப் பட்டைகளைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுத்துவிட்டோம், அழுகையில்லாமல் ஏறிவிட்டான்.

அம்மா இருபது படிக்கு ஒருமுறை நின்றாள். நிற்கும்போதெல்லாம் பாறையில் கை வைப்பாள். ஒரு இடத்தில் கையை எடுத்துப் பார்த்தால் விரலெல்லாம் வெள்ளை மணல். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். “ஏண்டி, இது கோலமாவு மாதிரியே இருக்கு.” அந்தக் காலத்தில் வெள்ளைக்கல்லை இடித்துச் சலித்த மாவு அப்படித்தான் நறநறவென்று இருக்குமாம்.

அவள் கைக்கு வந்தது கடல் மணல்தான். ஏறக்குறைய பத்துக் கோடி வருடங்களுக்கு முன்னால் இந்த இடத்தில் கடல் இருந்தது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் படிந்து படிந்து, அழுந்தி, கல்லாயிற்று. பிறகு கடல் விலகியது, நிலம் உயர்ந்தது, எல்பேயும் சின்ன ஓடைகளும் அதை அறுத்தன. பாறைகளில் அடுக்கு அடுக்காகத் தெரிகிற கோடுகள் அந்தக் கடலின் தரை. இப்போது மழையும் பனியும் அதை மறுபடி மணலாக்கிக்கொண்டிருக்கின்றன. இதை மகள் பாட்டிக்கு விளக்கினாள். பள்ளியில் படித்தது பாதி, தமிழில் சொல் கிடைக்காமல் தடுமாறியது பாதி. “அம்மாச்சி, இங்க முன்னாடி கடல், அப்புறம் மண்ணு, அப்புறம் கல்லு, இப்ப திரும்ப மண்ணு.” அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

மேலே போய் நின்றதும் யாருக்கும் பேச்சு வரவில்லை. கல் தூண்கள், ஒன்றையொன்று ஒட்டியும் விலகியும், காட்டுக்குள்ளிருந்து நேராக எழுந்து நிற்கின்றன. கீழே எல்பே பெரிய வளைவாக வளைகிறது. அதற்கு அந்தப் பக்கம் தட்டையான தலையோடு லிலியன்ஷ்டைன் மலை. 1766-இல் டிரெஸ்டன் ஓவியப் பள்ளிக்கு வேலைக்கு வந்த சுவிட்சர்லாந்து ஓவியர்கள் இருவர், அட்ரியன் ஸிங், ஆண்டன் கிராஃப், இந்த இடத்தைப் பார்த்துத் தங்கள் ஊரை நினைத்துக்கொண்டதால்தான் ‘சாக்ஸன் சுவிட்சர்லாந்து’ என்ற பெயரே வந்தது. ஊரைவிட்டு வந்தவர்கள் வைத்த பெயர். அதனாலேயே எனக்கு அந்தப் பெயர் மேல் ஒரு பிரியம்.

பாஸ்டையின் பழைய காட்சிமுனையை 2016-இலிருந்து மூடிவைத்திருந்தார்கள். நுனிப் பாறை உதிரத் தொடங்கிவிட்டது. இந்த வருடத் தொடக்கத்தில்தான் புதிய மேடையைத் திறந்தார்கள். அது நுனிப் பாறையைத் தொடுவதே இல்லை. பின்னால் உறுதியான இடத்தில் ஊன்றி, பாறைக்கு மேலே காற்றில் நீட்டிவிட்டிருக்கிறார்கள். மேடையின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தபோது, அத்தனை வருடம் மக்களைச் சுமந்த அந்தக் கல், இப்போது பாரமில்லாமல் கிடந்தது. பாறைக்குள் சிமெண்டை ஊற்றி நிரப்பாமல் இப்படிச் செய்தவர்களை வணங்கத் தோன்றியது.

பிறகு பாலம். படங்களில் எத்தனையோ முறை பார்த்திருந்தாலும் நேரில் வேறு. முதலில் 1820-களில் மரப்பாலம் கட்டினார்கள், 1851-இல் அதை மாற்றி இந்தக் கல்பாலம். 76 மீட்டர் நீளம், ஏழு வளைவுகள், கீழே நாற்பது மீட்டர் பள்ளம். போக்குவரத்துக்காகவோ போருக்காகவோ கட்டிய பாலம் இல்லை. பார்க்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கட்டும் என்பதற்காகவே கட்டியது. 1853-இல் ஹெர்மன் க்ரோன இங்கே வந்து புகைப்படம் எடுத்ததை நினைவுகூரும் பலகை பாறையில் இருக்கிறது. ஜெர்மனியின் முதல் இயற்கைக்காட்சிப் புகைப்படங்களில் சேர்ந்தவை அவை. அந்தப் பலகைக்குப் பக்கத்தில் அம்மாவைக் குழந்தைகளோடு நிறுத்தி நானும் ஒரு படம் எடுத்தேன்.

பாலத்துக்கு அப்பால் நொய்ராட்டன் பாறைக்கோட்டையின் மிச்சம். கோட்டை மரத்தால் ஆனது, மரம் எப்போதோ போய்விட்டது. பாறையில் உத்தரம் செருகிய குழிகளும், மழைநீர்த் தொட்டியும், எறியப்பட்ட கல்குண்டுகளும் இருக்கின்றன. இரும்பு நடைபாலங்களில் குழந்தைகளைக் கணவர் அழைத்துப் போனார். நானும் அம்மாவும் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ப் பாறையில் ஏறுகிற இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இங்கே பாறையேறுபவர்களுக்குக் கடுமையான விதிகள் உண்டு. கையில் சுண்ணாம்புத் தூள் கூடாது, பிளவில் இரும்பு ஆப்பு கூடாது, முடிச்சுப் போட்ட கயிற்றைத்தான் செருகலாம். மழை பெய்து கல் ஈரமாக இருந்தால் ஏறவே கூடாது, ஈர மணற்கல் உடைந்துவிடும். கல்லைக் காயப்படுத்தாமல் ஏறு என்பதுதான் அத்தனை விதிகளுக்கும் அர்த்தம்.

புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம். பக்கத்து மேசைக் குடும்பம் வேகவைத்த முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நிறைய ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்கள் காய்ந்து சாம்பல் நிறமாக நிற்கின்றன. வறட்சி, அதன் பிறகு மரப்பட்டையைத் துளைக்கும் பட்டைவண்டு. போன ஜூலையில் செக் நாட்டுப் பக்கம் பிடித்த காட்டுத்தீ எல்லை தாண்டி இந்தத் தேசியப் பூங்காவுக்குள்ளும் எரிந்தது. அதைச் செய்தியில் பார்த்தபோது, இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒருமுறைகூடப் போகவில்லையே என்று பதறினேன். இந்தப் பயணத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இறங்குவது பற்றி இரவே பேசி முடித்திருந்தோம். பாஸ்டையிலிருந்து பிர்னாவுக்குப் பேருந்து உண்டு. அம்மாவைக் கணவர் அதில் அழைத்துப் போய்விடுவார். நானும் குழந்தைகளும் ‘ஸ்வீடன் பொந்துகள்’ வழியாக இறங்குவோம். 1639-இல், முப்பதாண்டுப் போரின்போது, ஸ்வீடன் படை வந்து ஊர்களைச் சூறையாடியது. சுற்றுவட்டார ஜனங்கள் இந்தப் பாறை இடுக்குக்குள் ஒளிந்துகொண்டார்கள். அந்த இடுக்கில் இப்போது ஏறத்தாழ எழுநூறு படிகள். பல இடங்களில் இரண்டு கையையும் விரித்தால் இருபக்கப் பாறையும் தட்டும்.

அம்மா கேட்டுவிட்டு, “உசுருக்குப் பயந்து குழந்தை குட்டியோட ஓடியிருக்காங்க. நான் சாப்பிட்டுட்டுத் தெம்பா இறங்க மாட்டேனா? பஸ்ஸெல்லாம் வேணாம்” என்றாள். கணவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் முழங்காலைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டாள்.

முதல் நூறு படி பரவாயில்லை. பிறகு கால் நடுங்க ஆரம்பித்தது. ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போது முழங்கால் முழுப் பாரத்தையும் தாங்கவேண்டும். இதை நான் யோசித்திருக்கவேண்டும். ஓரத்தில் பாசி, படி ஈரம், கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை. மேலே திரும்பிப் போகவும் முடியாது, கீழே இன்னும் அறுநூறு படி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் தோளை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். கணவர் சின்னவனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போயிருந்தார். எனக்கு அழுகை வரும் போலிருந்தது.

பின்னாலிருந்து ஒரு பாட்டி இறங்கி வந்தார். வெள்ளை முடி, பழைய தோல் பூட்ஸ், கையில் வளைந்த பிடி வைத்த மரத்தடி. எங்களைத் தாண்டிப் போக இடமிருந்தது, ஆனால் போகவில்லை. ஒரு படி கீழே நின்று அம்மாவைப் பார்த்தார். தன் தடியை நீட்டினார். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் அம்மாவின் கையை எடுத்துத் தடியின் பிடியில் வைத்து, அதன் மேல் தன் கையையும் வைத்து அழுத்தினார். பிறகு, முதலில் தடி, அடுத்து வலிக்கிற கால், அடுத்து நல்ல கால் என்று செய்து காட்டினார்.

அப்படியே இறங்கினோம். அவர் ஒரு படி முன்னால், பக்கவாட்டில் திரும்பி, அம்மாவின் முழங்கை அருகே கையை வைத்தபடி. அவர் ஜெர்மனில் “இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று” என்பார், அம்மா தமிழில் “ஆகட்டும், ஆகட்டும்” என்பாள். கீழிருந்து ஏறிவந்த ஆண்கள் கூட்டம் ஒன்று பாட்டை நிறுத்திவிட்டுப் பாறையோடு ஒட்டி நின்று வழிவிட்டது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தோம். அவருக்கு 79 வயது. பிர்னாவில்தான் வீடு. இந்தப் படியில் அப்பாவோடு முதலில் இறங்கியபோது ஆறு வயதாம். அந்தத் தடி முழுக்கச் சின்னச் சின்ன உலோகத் தகடுகள் ஆணியடித்திருந்தன. தகட்டில் ஊர்ப் பெயர், மலைப் படம். ‘ஷ்டொக்நாகல்’ என்பார்கள், நடந்துபோன இடத்தில் ஒன்று வாங்கித் தடியில் அடித்துக்கொள்ளும் பழக்கம். மகள் தடியைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். கைப்பிடிக்குக் கீழே தொடங்கி நீளமாக இந்த வட்டாரமும், செக் நாட்டு மலைகளும், டாட்ராவும்தான். பாட்டி விரலால் ஓர் இடத்தைத் தொட்டு, “இது வரைக்கும் சுவர்” என்றார். பெர்லின் சுவர் இருந்த, கிழக்கு ஜெர்மனிக்காரர்களை மேற்கு நாடுகளுக்குப் போக விடாத காலம். அதற்குக் கீழே டிரோல், டோலமைட், பவேரியா. ஒரே தடி, நடுவில் 1989.

கீழே அம்சல் ஓடைப் பள்ளத்தாக்கில் சமதளம் வந்ததும் அம்மா இரண்டு கையாலும் தடியைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு பையிலிருந்து மிச்சமிருந்த முறுக்குப் பொட்டலத்தை முழுதாக எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, சத்தம் கேட்டுச் சிரித்தார். குளக்கரை வரை எங்களோடு நடந்தார். குளத்துக்கு மேலே நிற்கிற ஒரு பாறைக்கு ‘ரயில் எஞ்சின்’ என்று பெயர் என்று சின்னவனுக்குக் காட்டினார். அசல் நீராவி எஞ்சின் மாதிரியே இருக்கிறது, புகைபோக்கி உட்பட. ஓடத்துறையில் கையசைத்துவிட்டு வேறு பாதையில் போய்விட்டார். பெயர் கேட்கவில்லை என்பது ரயிலில்தான் உறைத்தது.

ரயிலில் அம்மா நெடுநேரம் பேசாமல் வந்தாள். பிர்னா வரும்போது சொன்னாள்: “நடக்கத்தான் போறாங்கன்னு சொன்னேல்ல. சரிதான்.”

வெள்ளி, மே 19. கோனிக்ஷ்டைன்

அம்மாவின் முழங்காலில் தைலம். இன்று படி கிடையாது என்று சத்தியம் செய்தபின் கிளம்பினாள். ரயில், பிறகு மேலே போகும் சின்னப் பேருந்து, பிறகு லிஃப்ட்.

கோனிக்ஷ்டைன் ஒரு மேசைமலை முழுவதையும் கோட்டையாக்கியது. எல்பேக்கு 240 மீட்டர் மேலே, ஒன்பதரை ஹெக்டேர். பாறை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று சட்டென்று தெரியாது, இரண்டும் ஒரே கல். யாரும் போரிட்டுப் பிடித்ததில்லை. ஆனால் 1848-இல் செபாஸ்டியன் அப்ராட்ஸ்கி என்ற புகைபோக்கி துடைக்கும் இளைஞர் ஒரு பாறைப் பிளவில் வெறும் கையோடு ஏறி உள்ளே வந்துவிட்டார். 1942-இல் இங்கே சிறையிருந்த பிரெஞ்சுத் தளபதி ஆன்ரி ஜிரோ கயிறு கட்டி இறங்கித் தப்பினார். மகள் இந்த இரண்டு கதைகளையும் வைத்து நாள் முழுக்க விளையாடினாள்.

எனக்குக் கிணறுதான். 152 மீட்டர் ஆழம். 1563 முதல் 1569 வரை ஆறு வருடம், ஃப்ரைபர்க் சுரங்கக்காரர்களை வைத்து மார்ட்டின் பிளானர் பாறையைக் குடைந்து இறக்கியது. தண்ணீர் இறைக்கப் பெரிய சக்கரம் இருந்தது. அதற்குள் ஆட்கள் நடந்துகொண்டே இருக்கவேண்டும், நடக்க நடக்கச் சக்கரம் சுழன்று வாளி மேலே வரும். அம்மா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். விளக்கு வெளிச்சம் கீழே போய்ச் சின்னப் புள்ளியாகிறது. “ஒரு குடம் தண்ணிக்கு எத்தனை தூரம் நடந்திருப்பான்” என்றாள். நானும் கணவரும் வாளியின் அளவு தெரியாமல் கணக்குப் போட முயன்று விட்டுவிட்டோம்.

மற்றபடி காற்று, மேகம், மதிலோரமாக ஒரு சுற்று. நான் டிரெஸ்டன் பக்கத்து ‘ஐயர்ஷெக்க’ கேக் சாப்பிட்டேன். மூன்று அடுக்கு, நடுவில் தயிர்ப்பாலாடை, மேலே முட்டைக் கலவை. அம்மா முட்டை சாப்பிடமாட்டாள், அவளுக்கு ஆப்பிள் சாறு.

கிளம்பும் முன் நினைவுப்பொருள் கடையில் அம்மாவைக் காணோம். தேடிப் போனால், கண்ணாடித் தட்டில் ஷ்டொக்நாகல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனி, மே 20. டிரெஸ்டன், வீடு

திரும்பும் வழியில் டிரெஸ்டனில் மூன்று மணி நேரம். ஓர் இடம் மட்டும் பார்ப்பது என்று முடிவு: ஃப்ரவுவன்கிர்ஷ தேவாலயம்.

1743-இல் கட்டி முடித்தது. 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய குண்டுவீச்சில் நகரம் எரிந்தது, 25,000 பேர் வரை இறந்தார்கள். தேவாலயம் இரண்டு நாள் தாங்கியது. 15-ஆம் தேதி காலை, தீயில் வெந்த மணற்கல் தூண்கள் பாரம் தாங்காமல் நொறுங்கி, மாடம் உள்ளே விழுந்தது. நாற்பது வருடத்துக்கும் மேலாக அந்த இடிபாட்டை அப்படியே விட்டு வைத்திருந்தார்கள். பிறகு கற்களைப் பொறுக்கி, எண் போட்டு, எது எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து, முடிந்தவற்றைப் பழைய இடத்திலேயே வைத்துக் கட்டினார்கள். 2005 அக்டோபர் 30 அன்று திறந்தார்கள். உச்சியில் இருக்கும் சிலுவையைச் செய்த லண்டன் பொற்கொல்லரின் தந்தை, இந்த நகரத்தின் மேல் குண்டு வீசப் போன விமானிகளில் ஒருவர்.

வெளிர்மஞ்சள் சுவரில் அங்கங்கே கறுப்புக் கற்கள். அவைதான் பழையவை. கறுப்பெல்லாம் தீயின் கரி மட்டும் இல்லை, இந்த மணற்கல்லில் இரும்பு கலந்திருப்பதால் வயதாக ஆகத் தானாகவே கறுக்கும். புதிய கற்களும் ஒருநாள் கறுத்து, எது பழையது என்று தெரியாமல் போய்விடும்.

அம்மா ஒரு கறுப்புக் கல்லில் கை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். “அதே கல்லா?”

“அதே கல்தாம்மா. ஆத்தோட வந்தது.”

விரலில் மணல் ஒட்டவில்லை. அம்மா மறுபடி ஒருமுறை தடவிவிட்டு வந்தாள்.

இப்போது லைப்ஸிக் ரயிலில் இதை எழுதுகிறேன். குழந்தைகள் இருவரும் தூங்கிவிட்டார்கள். அம்மா சுருக்குப்பையைத் திறந்து, நேற்று வாங்கியதை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு தகடுகள், ஒன்றில் பாஸ்டை பாலம், ஒன்றில் கோனிக்ஷ்டைன். கூடவே குட்டி ஆணிகள் ஒரு சின்ன உறையில்.

“மாப்பிள்ளை, இது தேக்குல இறங்குமா?”

“மெதுவா அடிச்சா இறங்கும் அத்தை.”

“ஆசாரியைக் கூப்பிட்டே அடிச்சிக்கிறேன். அவரு தடி, கீறல் விழுந்துடக் கூடாது” என்றவள், பாலத்தின் படம் மேலே வரவேண்டுமா, கோட்டை மேலே வரவேண்டுமா என்று என்னைக் கேட்டாள். முதலில் போனது மேலே என்றேன். இரண்டையும் அந்த வரிசையிலேயே ரயில் சீட்டில் மடித்துப் பைக்குள் வைத்தாள்.